பத்திலிருந்து அளந்தவளுக்கு

உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். கேட்டால் முதலில் நம்பமாட்டாய், பிறகு என்னைத் திட்டுவாய், அதன் பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிப்பாய். அந்த வரிசை மாறாது என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வடசேரியில் ஒரு இரும்புக் கடைக்குப் போயிருந்தேன், அளவு டேப் வாங்க. உன்னுடைய மஞ்சள் டேப் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இழுத்தால் வருகிறது, விட்டால் உள்ளே போகமாட்டேன் என்கிறது. ஸ்பிரிங் போய்விட்டது. கையால் சுருட்டிச் சுருட்டி எனக்கும் அலுத்துவிட்டது. கடையில் இருந்த பெண் புதிய டேப் ஒன்றை எடுத்து வைத்தாள். நான் விலைகூடக் கேட்காமல் அதன் நுனியில் இருக்கும் கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். நீ பழக்கிவிட்ட பழக்கம். ஆடியது. “வேற எடுங்க” என்றேன். அடுத்ததும் ஆடியது. அதற்கடுத்ததும் ஆடியது. மேசைமேல் ஏழு டேப் சேர்ந்ததும் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

“அக்கா, நீங்க என்னத்தப் பாக்குதிய?”

“கொக்கி ஆடாத டேப் வேணும். எல்லாம் லூசாட்டுல்லா இருக்கு.”

“அது ஆடத்தான் செய்யணும் அக்கா.”

நான் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்திருக்கும். கடையில் நிற்கிற சின்னப் பெண்ணுக்கு மரவேலையைப் பற்றி என்ன தெரியும் என்கிற டீச்சர் பார்வை. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து, கொக்கியை அதன் வெளி விளிம்பில் மாட்டி இழுத்தாள். “இப்பிடி மாட்டி இழுத்தா கொக்கி முன்னால வரும். இப்பம் பாருங்க, உள்ள குத்தி வச்சு அளந்தா பொறத்த போகும். கொக்கித் தகடு எவ்வளவு கனமோ அவ்வளவுதான் ஆடும். அப்பந்தான் உள்ளளவும் வெளியளவும் செரியா வரும். ஆடல்லன்னாத்தான் அக்கா கேடு.”

வாங்கிப் பார்த்தேன். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. சரியாகத் தகட்டின் கனம்தான். முப்பத்தொரு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த இடத்திலேயே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கை தானாகப் போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போய்விட்டது. அழைக்க முடியாது என்று தெரிந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

கேட்டுக்கொள். உன் டேப்பின் கொக்கியில் ஒரு குறையும் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை. மார்த்தாண்டத்துக் கடையில் நாம் இருவரும் சேர்ந்து திருப்பிக் கொடுத்த நான்கு டேப்பிலும் ஒரு குறையும் இல்லை. நம் தலை தெருமுனையில் தெரிந்ததும் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்வாரே அந்தக் கடைக்காரர், அவரைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ இல்லாததால் அந்த வேலையும் என் தலையில்தான்.

நாம் முதலில் சந்தித்ததே அந்த டேப்பால்தான். மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கம் மரம் அறுக்கும் ஆலையில், கழிவுத் துண்டுகள் குவித்து வைத்திருந்த மூலையில் நான் ஒரு பலகையைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. குவியலுக்கு மறுபக்கம் நின்று நீ அதன் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். நல்ல பலா மரம், மஞ்சள் குழைத்த நிறம். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, யூடியூப் பார்த்து இரண்டு முக்காலியும் ஒரு செருப்பு அலமாரியும் செய்திருந்தேன். நீ குவைத்தில் கண் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாய். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒரு முரட்டுக் கை மட்டும்.

“ஏட்டி, விடு. நான்தான் முதல்ல தொட்டது.”

முன்பின் தெரியாத ஒருத்தியை ‘ஏட்டி’ என்று கூப்பிடுகிறவளிடம் எனக்கும் கோபம் வந்தது. “தொட்டது நீங்க, கண்டது நான்” என்றேன். ஆலைக்காரர் வந்து, “சண்டை வேண்டாம், பாதியா முறிச்சுத் தாறேன்” என்றார். பலகை நூற்று அறுபது சென்டிமீட்டர். நீ பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்து, எண்பதில் கோடு போட்டாய். வெட்டியாயிற்று. ஒரு துண்டை நீ எடுத்தாய், மற்றதை நான் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். கையில் இருப்பது எண்பதைவிட நீளம் என்று நடக்கும்போதே தெரிந்தது. தொண்ணூறு. அப்படியானால் உன்னிடம் எழுபது. பஸ் வந்து நின்றது. ஏறிப் போயிருக்கலாம். மனசாட்சி தொந்தரவு செய்ததால் திரும்பி வந்தேன்.

நீ அங்கேயே நின்று உன் துண்டை மூன்றாம் முறையாக அளந்துகொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் டேப்பைத் தூக்கிக் காட்டினாய். “இந்தச் சவத்துக்கு நுனி ஆடுகு. அதுனால நான் பத்துலயிருந்துதான் அளப்பேன். பொறவு பத்தக் கூட்டணும். மறந்துட்டேன், கேட்டியா.” அரை மில்லிமீட்டர் தப்பினால் ஒருவனுக்குப் பார்வை போய்விடும் என்கிற இடத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் நீ. ஆடுகிற கருவியை எப்படி நம்புவாய்? எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அன்றைக்கே நானும் நுனியை நம்புவதை விட்டுவிட்டேன். உன் வீட்டில் டீ குடித்துவிட்டு, தொண்ணூறையும் எழுபதையும் உன் கார் ஷெட்டில் ஒன்றாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் அன்று ஊர் திரும்பினேன்.

கார் எப்போதோ விற்றாயிற்று. ஷெட் நம்முடையதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலுக்குப் போய் வந்து, சாப்பாட்டை முடித்து, நைட்டிக்கு மேலே அண்ணாச்சியின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொள்வாய். உன் வீட்டுக்காரர் கீரிப்பாறை பஸ்ஸை இருபது வருடம் ஓட்டிய சட்டை அது. பாக்கெட்டில் இரண்டு பென்சில், காதில் ஒன்று. வடசேரியிலிருந்து பஸ் பிடித்து நான் வந்து சேரும்போது நீ இழைப்புளியைத் தீட்டி வைத்திருப்பாய். சில வாரம் பல் டாக்டரும் வருவார். அவரும் நம்மைப் போல ஆசைக்கு மரம் செதுக்குகிறவர்தான். தேய்ந்துபோன பல் குத்தும் கருவிகளைக் கொண்டுவந்து தருவார். மூலையில் காய்ந்த பசையைச் சுரண்டி எடுக்க அதைவிட நல்ல சாதனம் நான் பார்த்ததில்லை. உளியை எத்தனை பாகையில் தீட்டுவது என்று அவரும் நீயும் ஒரு மாதம் சண்டை போட்டீர்கள். அவர் இருபத்தைந்து என்றார், நீ முப்பது என்றாய். நடுவில் தீட்டிப் பார்க்கலாம் என்று சொன்ன என்னை இருவரும் சேர்ந்து முறைத்தீர்கள்.

ஷெட்டை நீ ஆபரேஷன் தியேட்டராகவே நடத்தினாய். மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, “உளி” என்பாய். கைப்பிடி உன் உள்ளங்கையில் பட்டென்று விழவேண்டும். மெதுவாக வைத்தால் திட்டு. பசை பூசி மூட்டுவதற்கு முன் கருவிகளை எண்ணவேண்டும். ஒரு முறை எண்ணாமல் விட்டதால் என் பென்சில் ஒன்று இன்றைக்கும் உன் மருமகளின் நகைப்பெட்டியின் இரட்டை அடிப்பலகைக்குள் உருண்டுகொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே உன் முதல் சட்டம் இருந்தது. “நான் அளவு சொல்லுவேன், நீ திருப்பிச் சொல்லணும். நீ சொன்னா நான் திருப்பிச் சொல்லுவேன். மருந்து குடுக்கது மாதிரி. ஒருத்தி வாய், ரெண்டு பேரு காது.” ‘நாற்பது’ என்றால் ‘நாற்பது’. ‘அறுபத்திரண்டு’ என்றால் ‘அறுபத்திரண்டு’. பக்கத்து வீட்டுக்காரி நாம் ஏதோ ஜெபம் சொல்கிறோம் என்று நினைத்திருந்தாள்.

இவ்வளவு ஒழுங்கும் இருந்தும் அண்ணாச்சி மட்டும் நீ செய்த எதிலும் உட்கார்ந்ததில்லை.

அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. நான் வருவதற்கு முன் நடந்த கதை அது. நீ முதன்முதலாகச் செய்த நாற்காலியில், உன் மகனுக்குப் பெண் பேச வந்தவர்கள் முன்னால் அவர் டீயும் கையுமாக உட்கார்ந்தார். பஸ்ஸை ஓட்டிய கனத்த உடம்பு. கீரிப்பாறையில் தெரிந்தவர் கொடுத்த ரப்பர் மரத்தை நீ காயவைக்காமல் செய்திருந்தாய். ஈரம் போய், துளைக்குள் செருகிய கால்முனையான கழுந்து சுருங்கி, கால் நான்கும் நாலு பக்கம் போயிற்று. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று அவர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். பெண் வீட்டார் சிரித்த சிரிப்பில் சம்பந்தம் அங்கேயே உறுதியாகிவிட்டது. ஆனால் எழுந்ததும் அவர் சொன்னது இரண்டே வாக்கியம். “ரப்பர் மரத்துல பால் எடுக்கணும், நாற்காலி எடுக்கப்பிடாது. இனி நீ செஞ்சதுல நான் இருக்க மாட்டேன்.”

சொன்னபடி நடந்தார். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொண்டார். நீ பெஞ்சு செய்தால் சுற்றிவந்து தடவிப் பார்த்து, மெச்சித் தலையாட்டி, “கொள்ளாம்” என்பார். பிறகு அந்தப் பிளாஸ்டிக்கை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்காருவார். சாப்பிட, டிவி பார்க்க, முற்றத்தில் காற்று வாங்க, எல்லாவற்றுக்கும் அதுவே. நீ சிரித்துக்கொண்டேதான் இருந்தாய். ஆனால் அவர் அப்படிப் போய் உட்காரும் ஒவ்வொரு முறையும் நீ அடுத்த உளியடியைக் கொஞ்சம் ஓங்கி அடிப்பாய். நான் கவனித்திருக்கிறேன்.

பிறகு அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. நடக்க ஆரம்பித்துவிட்டார், உட்கார்ந்தால் எழுந்திருப்பதுதான் பாடாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி கையை ஊன்றினால் வளைந்தது. நீ முன்னால் போய் நின்று, அவர் கையை உன் தோளில் போட்டு, “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணித் தூக்கவேண்டும். உனக்குத் தோள் வலி. அவருக்கு அதைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. உன்னைக் கூப்பிட விருப்பமில்லாமல் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துவிட்டு வந்து நீ ஷெட்டில் என்னிடம் சொன்னாய்:

“கையி வச்ச நாற்காலி ஒண்ணு செய்யப்போறேன் ஏட்டி. அயனி மரத்துல. யானை இருந்தாலும் ஆடப்பிடாது. இதுலயும் அவிய இருக்கல்லன்னா நான் இந்த வேலைய விட்டுருவேன். உளி, வாளு, எல்லாத்தையும் நீயே கொண்டு போ. நான் பேசாம இருந்து டிவி பாக்கேன்.”

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் உளிகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வேன்?

ஆகவே அந்த நாற்காலிக்கு நாம் எடுத்துக்கொண்ட கவனம் வேறு எதற்கும் எடுத்ததில்லை. மரம் ஒரு வருடம் காய்ந்தது என்று ஆலைக்காரர் சொன்னதை நம்பாமல் இன்னும் இரண்டு மாதம் ஷெட்டில் அடுக்கிவைத்தாய். காகிதத்தில் நான் படம் வரைந்தேன். இருக்கை தரையிலிருந்து நாற்பத்தைந்து சென்டிமீட்டர், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலிகளின் அளவு. முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்கு உயரமான இருக்கைதான் நல்லது என்று நர்ஸான உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் தலையணை போட்டு உயரமாக்கச் சொன்னார்களாம், அதுவும் நமக்குப் பிறகுதான் தெரிந்தது; தலையணைமேல் உட்கார நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா என்று அவர் கேட்டுவிட்டாராம். நம் கவலை முழுக்க நாற்காலி உடையக்கூடாது என்பதிலேயே இருந்தது.

கால்களுக்கு அளவு குறிக்கும் நாள் வந்தது. இங்கேதான் நான் உன்னிடம் ஒருபோதும் முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்கு முந்தைய மாதம் ஒரு சுவர்த் தட்டு செய்தோமே, நினைவிருக்கிறதா? நான் எண்பது என்றேன், நீ பத்தைக் கூட்ட மறந்து எழுபதில் வெட்டிவிட்டாய். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் மாதா சுரூபத்தை வைத்து, “இது பிளான்தான்” என்று சாதித்தாய். அதற்குப் பிறகு எனக்கு உன் கூட்டலில் நம்பிக்கை போய்விட்டது. இந்த நாற்காலியில் அது நடக்கக்கூடாது. உன்னிடம் ‘பத்தைக் கூட்டினாயா’ என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். அதனால் நானே மனதுக்குள் கூட்டிக்கொண்டு, நாற்பத்தைந்து என்று படிக்கவேண்டிய இடத்தில், “ஐம்பத்தைந்து” என்று படித்தேன்.

“ஐம்பத்தஞ்சு” என்று நீ திருப்பிச் சொன்னாய். டேப்பின் பத்தை மரத்தின் விளிம்பில் வைத்தாய். சுவர்த் தட்டு விவகாரம் உனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. இந்த முறை மறக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு பத்தைக் கூட்டி, அறுபத்தைந்தில் கோடு போட்டாய். நான்கு காலுக்கும் அப்படியே. நான்கு முறை சொன்னேன், நான்கு முறை திருப்பிச் சொன்னாய். உன் சட்டத்தில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

துளை போட்டது, கழுந்து இழைத்தது, பசை பூசி கிளாம்ப் போட்டு இறுக்கியது எல்லாம் அடுத்தடுத்த வாரங்களில் மேசைமேல் படுக்கவைத்துத்தான் நடந்தது. காலின் மேல்முனையிலிருந்து அளந்துதான் எல்லாத் துளையும் போட்டோம். கூடுதல் பத்தும் கீழே சத்தம் காட்டாமல் நீட்டிக்கொண்டிருந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாற்காலியைத் தரையில் நிறுத்தினோம். நீ என்னை உட்காரச் சொன்னாய். உட்கார்ந்தேன். என் இரண்டு காலும் தரைக்கு மேலே தொங்கி ஆடின.

“ஏட்டி, இது என்னத்தட்டி? தேருல இருக்கது மாதிரில்லா இருக்க!”

காகிதத்தை எடுத்து, டேப்பை எடுத்து, நான் கூட்டியதும் நீ கூட்டியதும் வெளியே வந்ததும், நீ இழைப்புச் சுருள் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். நான் உன்மேல் பழி போட்டேன், நீ என்மேல் போட்டாய். பிறகு இருவரும் சேர்ந்து டேப்மேல் போட்டோம். கடைசி மூட்டின் பசை முழுதாகக் காய ஒரு நாள் வேண்டும், அதற்குள் ஒன்றும் செய்யமுடியாது. நாளைக் காலையில் காலைப் பத்து சென்டிமீட்டர் அறுத்துவிடலாம், அவருக்கு அதற்குப் பிறகு காட்டலாம் என்று முடிவு செய்தோம். மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினாய். வாசல் வரை வந்து, “நல்லா அறுக்கணும் ஏட்டி. ஒரு கால் ஏறி ஒரு கால் இறங்குனா போச்சு. அவிய ஆட்டிப் பாப்பாவ” என்றாய். உன் குரலில் பயம் இருந்தது.

மறுநாள் பல் டாக்டரின் மெல்லிய ஜப்பான் வாளை இரவல் வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். மார்த்தாண்டம் நெரிசலில் பஸ் நின்றபோது கண்டக்டர் குனிந்து பார்த்து, “டீச்சர், யாருக்குக் கால எடுக்கப் போறிய?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் நம்பியிருக்கமாட்டார்.

நீ கேட்டிலேயே காத்திருந்தாய், காக்கிச் சட்டையோடு. இருவரும் சத்தமில்லாமல் ஷெட்டுக்குள் நுழைந்தோம். சேலை கீழே கிடந்தது. கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

காலையில் முற்றத்தில் நடந்தவருக்கு மூச்சு வாங்கியதாம். பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடினாராம். அதன்மேல் நாம் ஐந்து கிளாம்ப்பும் பசை டப்பாவும் அடுக்கி வைத்திருந்தோம். வேறு வழியில்லாமல் சேலையை விலக்கி உட்கார்ந்தாராம். இதை அவர் சொல்லி முடிக்கும்வரை நீ அசையவில்லை. உன் கண் நாற்காலிக் காலிலேயே இருந்தது, இப்போது விரியும் இப்போது விரியும் என்று.

“கையில என்னது டீச்சர்?” என்று என்னைக் கேட்டார்.

“வாளு அண்ணாச்சி. கால் கொஞ்சம் நீண்டுபோச்சு. நீங்க எந்திச்சா அறுத்துரலாம்.”

“அறுக்கவா?” என்றார். இரண்டு கையையும் மடியில் வைத்தார். நாற்காலியின் கையைக்கூடப் பிடிக்கவில்லை. அப்படியே எழுந்து நின்றார். நீ தோளைக் கொடுக்க ஓடினாய். நீ போய்ச் சேருவதற்குள் அவர் நின்றாயிற்று. திரும்ப உட்கார்ந்தார். திரும்ப எழுந்தார். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி ஐந்து முறை. நாம் இருவரும் எண்ணினோம், வாய்விட்டு. நான் “மூணு” என்றால் நீ “மூணு” என்றாய். ஐந்தாவது முறை உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முன்கால்கள் இரண்டையும் தன் காலால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, டீச்சர்ட்டயிருந்து அந்த வாள வாங்கி அங்க வையி. இதுல கைய வச்சியன்னா பாரு” என்றார்.

உன்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்த முகத்தை மட்டும் எனக்கு எழுதத் தெரியவில்லை. நீ சிரித்தாய், அழுதாய், காக்கிச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாய், கடைசியில் என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாய். “பாத்தியா ஏட்டி, டேப்பு கெட்டதா இருந்ததுனாலதான் பிழைச்சோம்!” அதற்குப் பிறகு டிவி பார்க்கும் பேச்சே உன் வாயில் வரவில்லை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை அண்ணாச்சி பசை டப்பா வைக்க ஷெட்டுக்கே தந்துவிட்டார்.

அதன் பிறகு நமக்கு மூன்று வருடம் கிடைத்தது. நல்ல மூன்று வருடம். ஒரு ஊஞ்சல் பலகை, பதினோரு முக்காலி, பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்கு ஒரு நீள பெஞ்சு. பிறகு ஒரு வாரக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவள் திரும்பி வரவில்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத இந்த மடலில் எனக்கு விருப்பமில்லை. நாற்பதாம் நாள் கழிந்து நான் வந்தபோது அண்ணாச்சி மஞ்சள் டேப்பை என் கையில் வைத்தார். உன் உளிகள் அப்படியே ஷெட்டில் எண்ணெய் போட்டு இருக்கின்றன. அவர்தான் போடுகிறார்.

நான் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றரை வருடத்தில் வீட்டில் ஒரு சாவி மாட்டி, ஒரு தோசைத் திருப்பி. பெரிதாக எடுக்க மனம் வரவில்லை. சோகம் என்று சொல்லமாட்டேன். நான் எண்ணைச் சொன்னால் திருப்பிச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். சொல்லிவிட்டு நிற்பேன். அறை சும்மா இருக்கும். டேப்பைக் கையால் சுருட்டி வைத்துவிடுவேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. செய்தியை உன்னிடம் சொல்ல முடியாவிட்டால் உரியவர் ஒருவரிடமாவது சொல்லவேண்டும் என்று பஸ் ஏறினேன். அண்ணாச்சி முற்றத்தில் அந்த நாற்காலியில்தான் இருந்தார். முழங்கால் இப்போது நன்றாக இருக்கிறது. எந்த நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்துவிடுவார். மகன் போன மாதம் வந்தபோது, காலை அறுத்து மற்ற நாற்காலிகளோடு சமமாக்கிவிடலாம் என்றானாம். ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லையாம்.

மஞ்சள் டேப்பை எடுத்து, அந்தக் கடைப் பெண் காட்டியது போலவே நாற்காலியின் கையில் மாட்டி இழுத்துக் காட்டினேன், உள்ளே குத்திக் காட்டினேன். வாங்கி அவரே நான்கைந்து முறை ஆட்டிப் பார்த்தார்.

“அப்பம் இது கெட்டதில்லயா?”

“இல்ல அண்ணாச்சி. ஆடத்தான் செய்யணுமாம்.”

“அவளுக்கு இது தெரிஞ்சிருந்தா?”

“நுனியிலயிருந்தே அளந்திருப்பா. நாற்பத்தஞ்சுதான் வந்திருக்கும்.”

அவர் கொஞ்ச நேரம் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார். நீ நகத்தால் சோதித்துச் சோதித்து இழைத்த வளைவு. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “நல்ல வேள. பிழைச்சேன்” என்றார். சிரித்து முடித்துவிட்டு, ஏதோ முன்னமே யோசித்து வைத்திருந்தவர் போல, “எதுத்தாப்புல போட இன்னொண்ணு வேணும் டீச்சர். இதே உயரம். வந்தா நீங்களும் இருக்கலாம். மரம் உள்ள இருக்கு” என்றார். என் கால் எட்டாது என்றேன். காலுக்கு ஒரு பலகை சேர்த்துச் செய்யச் சொன்னார்.

ஷெட்டைத் திறந்தேன். உன் காக்கிச் சட்டை ஆணியில் தொங்கியது. போட்டுக்கொண்டேன், கை நீளம், மடித்துவிட்டேன். அவர் வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அயனிப் பலகையை மேசைமேல் போட்டேன். கொக்கி ஆடுவது எதற்கு என்று எனக்கு இப்போது தெரியும். நுனியிலிருந்தே அளக்கலாம், ஒரு தப்பும் வராது. ஆனாலும் என் கை பத்தைத்தான் தேடிப் போனது. பத்தை விளிம்பில் வைத்தேன். உன் பங்குக்குப் பத்தைக் கூட்டி அறுபத்தைந்தில் பென்சிலை வைத்தேன். பழக்கத்தில் வாய்விட்டுச் சொன்னேன்:

“ஐம்பத்தைந்து.”

சொல்லிவிட்டு, வழக்கம் போல நின்றேன்.

இருபது வருடமும், பின்னாலிருந்து கண்டக்டர் சொல்லக் கேட்டுத்தான் பஸ்ஸை எடுத்தவர் அவர். வாசலிலிருந்து அவர் குரல் வந்தது.

“ஐம்பத்தஞ்சு. ரைட்.”

கோடு போட்டேன்.